தாய்மாமன் சீரில் வந்த ஜீப்

கண்ணு,

"இது ஓட்டறதுக்காம்மா, நிக்க வெச்சுப் பாக்கறதுக்கா?" என்று நீ ஒரு நாள் என்னைக் கேட்டாய். உன் மாமாவின் கோழிப்பண்ணையில் பத்து வருடம் அசையாமல் கிடந்த ஜீப்பை டிராக்டரில் கட்டி இழுத்து வந்து, ஆட்டையாம்பட்டியில் நம் வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியில் அப்போதுதான் விட்டிருந்தோம். நான் பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்று இரண்டு மாதம் ஆகியிருந்தது. நீ கால்நடை மருத்துவப் படிப்பின் கடைசி வருடத்தில் இருந்தாய். வண்டியின் பின்பக்கத்தில் ஒரு நாட்டுக்கோழி வழி நெடுக இறங்காமல் உட்கார்ந்தே வந்திருந்தது. மாணவர்களைக் கேள்வி கேட்டே பழகியவள் நான். "ரெண்டுக்கும்தான்" என்று சொல்லிச் சமாளித்தேன். அந்த ஒரு பதிலால் நமக்கு ஒரு வருடம் வீணானது. நீ அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு கெங்கவல்லிக்குப் போய் ஒன்பது நாள் ஆகிறது. போனில் பேசினால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன். இதில் ஒரு மன்னிப்பும் இருக்கிறது. அதைக் கல்யாணக் கூட்டத்தில் சொல்ல எனக்கு நேரமும் கிடைக்கவில்லை, தைரியமும் வரவில்லை.

ஓட்டுவதற்கென்று ஒரு பழைய வண்டியை எடுத்தால், முதலில் பிரேக் மிதித்தால் அது நிற்க வேண்டும், பிறகு ஓட வேண்டும், கடைசியாகத்தான் பார்க்க நன்றாக இருக்க வேண்டும். நான் இதைத் தலைகீழாகச் செய்தேன். தீவன மூட்டையும் கோழி எருவும் ஏற்றி ஏற்றி ஜீப்பின் அடித்தகடு அரித்துப் போயிருந்தது. மேலே பார்த்தால் தகடு முழுசாகத்தான் தெரிந்தது. நான் பச்சைப் பெயின்ட் அடிக்க ஆள் வைத்தேன். தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. எனக்கு ஒரே பெருமை. அடுத்த மாதம் நீ சுத்தியலின் மரப்பிடியால் தகட்டைத் தட்டிக்கொண்டே வந்தாய். 'டங்' என்று கேட்ட இடமெல்லாம் நல்ல தகடு, 'தொப்' என்று கேட்ட இடமெல்லாம் உளுத்த தகடு. பாதி வண்டி 'தொப்' என்றது. வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்தபோது அந்தப் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியது. தறியை நிறுத்திவிட்டு வந்து பார்த்த உன் அப்பா, "நெய்யறதுக்கு முன்னாலயே சேலைக்கு மடிப்பு வெச்சிருக்கறீங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனார். இனி எந்த இடத்தில் துரு தெரிந்தாலும், மேலே பெயின்ட் தடவி அதை மறைக்காதே. சுரண்டு, தட்டு, காதால் கேள், காய விடு. பெயின்ட் அதற்கப்புறம்.

ஆனால் ஒரு காரியம் நாம் முதல் நாளிலிருந்தே ஒழுங்காகச் செய்தோம். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. மாமா பண்ணையிலிருந்து முட்டை அட்டைகளைக் கட்டுக் கட்டாக வாங்கி வந்தாயே. ஒரு அட்டைக்கு முப்பது குழி. கழற்றிய போல்ட், நட்டு, வாஷர் எல்லாவற்றையும் கழற்றிய வரிசையிலேயே குழிகளில் போட்டு, நோட்டு லேபிள் ஒட்டி, 'முன் இடது சக்கரம், வெளியிலிருந்து உள்ளே' என்று எழுதி வைத்தோம். ஒவ்வொன்றையும் கழற்றும் முன்னால் நீ போனில் படம் எடுத்துக்கொண்டாய். திருப்பிப் பூட்டும்போது அட்டையைக் கடைசிக் குழியிலிருந்து படித்துக்கொண்டு வந்தால் போதும். ஒரு வருடம் கழித்துப் பூட்டியபோதுகூட ஒரு நட்டு மிஞ்சவில்லை. உன் மாமா நம்பாமல் ஒவ்வொரு அட்டையாகத் தூக்கிக் கவிழ்த்துப் பார்த்தார். "எங்க பண்ணையில எண்ணி வெச்ச முட்டையே ராசிபுரம் போறதுக்குள்ள ரெண்டு கொறையுது. இவங்க எப்படிடா?" என்று தன் பண்ணை டிரைவரிடம் கேட்டார். எதைக் கழற்றினாலும் இப்படியே செய். 'ஞாபகம் இருக்கும்' என்று மட்டும் நினைக்காதே. எனக்கும் அப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது, அடுத்த வாரம் இருக்கவில்லை.

நம் வீட்டில் மட்டுமே நடக்கக்கூடிய ஒரு தப்பும் நடந்தது. தறிக்கூடத்தில் மிஞ்சுகிற கழிவு நூலைத்தான் இந்தப் பக்கத்துப் பட்டறைகளில் எல்லாம் கை துடைக்க வைத்திருப்பார்கள். நமக்கு அது வீட்டிலேயே மூட்டையாகக் கிடைத்தது. கார்புரேட்டரைப் பிரித்து, பெட்ரோலில் கழுவி, அந்த நூலாலேயே உள்ளே வெளியே பளபளவென்று துடைத்து நான்தான் பூட்டினேன். வண்டி கிளம்பும், அரை மைல் போகும், இருமும், நின்றுவிடும். பதினைந்து நாள் பிளக்கை மாற்றினோம், காயிலை மாற்றினோம், எல்லாம் மாற்றினோம். கடைசியில் நீ கார்புரேட்டரைத் திரும்பப் பிரித்து, பெட்ரோல் போகும் ஊசித்துளையிலிருந்து ஒரு சிவப்பு இழையை இடுக்கியால் இழுத்து அப்பாவிடம் நீட்டினாய். "இது எத்தனையாம் நம்பர் நூலுங்கப்பா?" என்று கேட்டாய். அவர் விரலில் உருட்டிப் பார்த்து நம்பரும் சொன்னார், எந்தச் சேலைப் பாவின் மிச்சம் என்றும் சொன்னார். கையைத் துடைக்கக் கழிவு நூல் போதும். கார்புரேட்டர், பிரேக் இரண்டின் உட்பகுதிகளுக்கும் நூல் உதிராத துணி மட்டும்தான் ஆகும்.

பிரேக் விஷயத்தில் நீ என்னைவிடக் கவனம் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் சொல்கிறேன். பழைய வண்டியில் ரப்பர் எல்லாமே வயதானது. பிரேக் குழாய் வெளியே பார்க்க நன்றாக இருக்கும், உள்ளே உப்பி அடைத்திருக்கும். மிதித்தால் பிடிக்கும், காலை எடுத்தாலும் விடாது. அதனால்தான் நாம் அத்தனையையும் புதிதாக மாற்றினோம். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், வருடங்கள் போகப் போகக் கெட்டுவிடும். கறுத்துப் போகும் வரை காத்திருக்காதே. டிரம்மைக் கழற்றும்போது உள்ளே இருக்கும் தூசியை வாயால் ஊதாதே, ஈரத்துணியால் துடைத்தெடு. பழைய பிரேக் கட்டைத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. ஜாக்கி என்பது வண்டியைத் தூக்க மட்டும்தான். தூக்கிய வண்டியைத் தாங்க இரும்பு ஸ்டாண்டு வை, தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வை. செங்கல்லை அடுக்கி அதன் மேல் வண்டியை நிறுத்துகிறவர்களை நம் ஊரில் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறாய். அந்த வண்டிக்கு அடியில் நீ படுக்காதே. பட்டறைக்காரர் எத்தனை அனுபவசாலியாக இருந்தாலும் சரி.

இனி, நான் மன்னிப்புக் கேட்க வேண்டிய அந்த ஏரி விஷயத்துக்கு வருகிறேன். கல்யாணம் நிச்சயமானபோது, தாய்மாமன் சீராக என்ன வேண்டும் என்று மாமா உன்னைக் கேட்டார். உனக்குக் கெங்கவல்லியில் வேலை கிடைத்திருந்தது. பச்சைமலை அடிவாரத்தில் ரோடு இல்லாத காடுகளுக்கும் போய் மாடு பார்க்க வேண்டும். "அந்த ஜீப்பையே சீராக் குடுங்க மாமா. வேற ஒன்னும் வேண்டாம்" என்றாய். அவருக்கு முகம் சுண்டிப்போனது. "ஊரே சிரிக்குமே சாமி, தாய்மாமன் சீருன்னு கோழிப்பண்ணை வண்டியவா கொண்டுக்கிட்டு வாரது?" என்றார். ஜாதகம் பார்த்தபோது வாய் திறக்காத மாப்பிள்ளையின் பெரியப்பா, இதற்குத்தான் வாயைத் திறந்தார். "பொண்ணு ஆசைப்பட்டாக் குடுங்க, எங்களுக்கு ஒன்னும் இல்லீங்க. ஆனா ஒன்னு. சீரு அன்னிக்கு அதுவா ஓடி வரோணும். தள்ளிக்கிட்டு வார சீரு எங்களுக்கு வேண்டாமுங்க." நம்மை அவமானப்படுத்த அவர் அதைச் சொல்லவில்லை என்று இப்போது தெரிகிறது. நாலு பேர் முன்னால் தன் வீட்டுப் பையன் ஜீப்பைத் தள்ளிக்கொண்டு நிற்கக் கூடாதே என்ற பயம் அவருக்கு.

அப்போதுதான் நான் பெரிய தப்பைச் செய்தேன். நமக்கெல்லாம் லாரிக் கண். பிறந்ததிலிருந்து லாரி பாடி கட்டுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். எது கனமோ, எது விறைப்போ அதுதான் பலம் என்று நமக்கு ஒரு நம்பிக்கை. மலைப்பக்கம் போகிற வண்டி, இன்னும் உறுதியாக இருக்கட்டும் என்று நாமக்கல் ரோட்டில் ஸ்பிரிங் பட்டறை வைத்திருக்கும் செங்கோடனிடம் கொண்டுபோனேன். உன்னிடம் கேட்கவில்லை. ஒவ்வொரு சக்கரத்து ஸ்பிரிங் அடுக்கிலும் இரண்டு இரும்புப் பட்டை கூடப் போடச் சொன்னேன். "போட்டுரலாமுங்க டீச்சரம்மா. பத்து மூட்டை சிமிட்டி ஏத்துனாலும் அசையாது பாருங்க" என்றார். வண்டி நான்கு விரல் உயர்ந்து, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது. பார்க்க அத்தனை அழகு.

கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது, பத்திரிகை விஷயமாகப் பெரியப்பா நம் வீட்டுக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை, வண்டியை ஒரு தடவை ஓட்டிக் காட்டலாம் என்று மாமாதான் எல்லோரையும் வறண்ட ஏரிக்குக் கூட்டிப் போனார். நீ ஓட்டினாய். ஏரிக்குள் தண்ணீர் அறுத்த பள்ளம் ஒன்று குறுக்குச் சாய்வாகப் போகும். முழங்கால் ஆழம்கூட இல்லை. நாலு சக்கரத்துக்கும் இழுவை போட்டுத்தான் இறங்கினாய். பாதியில் முன்னால் ஒரு சக்கரமும், பின்னால் அதற்கு எதிர்மூலைச் சக்கரமும் தரையை விட்டு எழும்பி, காற்றில் கரகரவென்று சுற்றின. மற்ற இரண்டும் சும்மா நின்றன. வண்டி ஒரு அடி நகரவில்லை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர்கள் உட்பட எட்டுப் பேர் தள்ளித்தான் மேலே ஏற்றினார்கள். பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டே, "முகூர்த்தத்தன்னிக்குத் தள்ளறதுக்கு ஆள் பத்தலைன்னாச் சொல்லுங்க, நாங்க கூட்டியாரோம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். "வண்டி மேல ஒன்னும் இல்லீங்க. இவ கிளச்ச அவசரப்பட்டு உட்டுட்டா. ஓட்டத் தெரியல" என்றேன். உன் காதுபடச் சொன்னேன். கட்டிக்கொள்ளப் போகிற வீட்டார் முன்னால் சொன்னேன்.

கண்ணு, அதைச் சொல்லும்போதே அது பொய் என்று எனக்குத் தெரியும். சக்கரம் காற்றில் தொங்கியதை நானும்தான் பார்த்தேன். கிளச்சுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும். என் கணக்குத் தப்பு என்று பத்துப் பேர் முன்னால் ஒப்புக்கொள்ள முடியாமல், விடைத்தாளை உன் மேல் தூக்கிப் போட்டேன். வகுப்பிலும் இப்படி ஓரிரு தடவை செய்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகளின் முகம் இப்போதும் ஞாபகம் வருகிறது. என்னை மன்னித்துவிடு.

 மறுநாள் மாமா வந்து, "இத உட்ரு அக்கா. நான் ஒரு புது ஸ்கூட்டர் எடுத்து நிறுத்திர்றேன். எனக்கும் ஒரு மானம் இருக்குதல்லோ" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, நீ பாட்டுக்குப் பொடக்காளியில் பலகைகளை அடுக்கிக்கொண்டிருந்தாய். ஒரு முன்சக்கரத்தை மட்டும் பலகை மேல் மெதுவாக ஏற்றினாய். மூன்றாவது பலகையிலேயே எதிர்மூலைப் பின்சக்கரம் தரையை விட்டுவிட்டது. அதற்கு அடியில் ஒரு காகிதத்தை விட்டு இந்தப் பக்கம் போட்டு அந்தப் பக்கம் எடுத்துக் காட்டினாய். "பாறை மேல மாடு ஏறறதப் பாத்திருக்கீங்களா மாமா? நாலு காலும் தனித்தனியா மடங்கும். அதனாலதான் ஏறுது. இது விறைச்சுக்கிட்டு நிக்குது" என்றாய். அன்றைக்கு மத்தியானம் எனக்கு நானே ஒரு பாடம் நடத்திக்கொண்டேன். வீட்டிலிருந்த மர ஸ்டூலை மேடு பள்ளமான வாசலில் போட்டேன். ஒரு கால் எப்போதும் தூக்கிக்கொண்டு ஆடியது. கயிற்றுக் கட்டிலை அதே இடத்தில் போட்டு உட்கார்ந்தேன். சட்டம் கொஞ்சம் முறுக்கிக் கொடுத்தது, நான்கு காலும் தரையில் படிந்தன. ஓர் அச்சில் இரண்டு சக்கரம் இருந்தால், எது லேசாகச் சுற்றுமோ அதற்குத்தான் என்ஜினின் சுற்று போய்ச் சேரும். தரையைத் தொடாத சக்கரம் எல்லாவற்றையும் தின்றுவிடும். காட்டு வழி வண்டிக்கு ஸ்பிரிங் விறைத்துத் தாங்கினால் மட்டும் போதாது, பள்ளம் வந்தால் சக்கரத்தைக் கீழே இறக்கிவிடவும் வேண்டும்.

செங்கோடனிடம் நாம் திரும்பப் போனபோது அவர் சிரித்த சிரிப்பு உனக்கு ஞாபகம் இருக்கிறதா? "இத்தன வருசத்துல சேத்திப் போடச் சொல்லித்தானுங்க எல்லாரும் வந்திருக்கறாங்க. கழட்டச் சொல்லி வந்த மொத ஆளு நீங்கதானுங்க" என்றார். கழற்றிய பட்டைகளை நான் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை, அவரிடமே கொடுத்துவிட்டேன். ஸ்பிரிங் அடுக்கை அச்சோடு இறுக்கிப் பிடிக்கும் யூ-போல்ட்டுகளைப் புதிதாகப் போட நீ சொன்னாய். ஒரு தடவை இறுக்கிய போல்ட் நீண்டிருக்கும், திரும்பப் போட்டால் பிடிப்பு இருக்காது. கொஞ்ச தூரம் ஓட்டிய பிறகு அவற்றைத் திரும்ப முடுக்கவும் வேண்டும். அதையும் செய்தோம். வீட்டுக்கு வந்து பலகை அடுக்கினோம். மூன்று, நான்கு, ஐந்து. ஆறாவது பலகை வரை காகிதம் அடியில் போகவில்லை. அன்று சாயங்காலமே நாம் இருவர் மட்டும் ஏரிக்குப் போய் அந்தப் பள்ளத்தில் மூன்று தடவை இறங்கி ஏறினோம். நீ "ஹோ" என்று கத்தினாய். நானும் கத்தினேன். அப்போதுகூட நான் மன்னிப்புக் கேட்கவில்லை, பார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் பெய்த மழை நமக்காகவே பெய்த மழை என்று மாமா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். காலையில் மாவிலைத் தோரணமும் செவ்வந்தி மாலையும் போட்டு, ஜீப் தானாக ஓடி வந்து மண்டபத்து வாசலில் நின்றுவிட்டது. பெரியப்பாவின் நிபந்தனை அதோடு நிறைவேறிவிட்டது. ஆனால் அதைப் பார்க்கப் பெரியப்பா அங்கே இல்லை. மாப்பிள்ளை வீட்டு வேன், ஓரமாக நிற்க இடம் தேடிப் பக்கத்துக் காட்டுக்குள் இறங்கி, உழுத மண்ணில் பின்சக்கரம் பாதி புதைந்து நின்றது. டிரைவர் முறுக்க முறுக்க இன்னும் கீழே போனது. முகூர்த்தத்துக்கு முக்கால் மணி நேரம் இருந்தது. மாப்பிள்ளை முதலில் குதித்து இறங்கி, பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளப் போனார். மற்றவர்களும் இறங்கினார்கள். முழங்கால் வலி என்று பெரியப்பா மட்டும் உள்ளேயே இருந்துவிட்டார். மாமா ஜீப்பை எடுக்க ஓடினார். எந்தக் கியர்க் கம்பியை எப்போது போடுவது என்று தெரியாமல் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். அப்போது தலையில் பாதிப் பூ வைத்தபடி, கூறைச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நீ வந்தாய். பூ வைத்துக்கொண்டிருந்த பெண் கையில் மீதிப் பூவோடு பின்னாலேயே ஓடி வந்தாள்.

நீ செய்தது ஒவ்வொன்றும் எனக்கு மனப்பாடம். சேற்றில் இறங்குவதற்கு முன்னாலேயே, கெட்டி மண்ணில் நிற்கும்போதே நான்கு சக்கர இழுவையைப் போட்டு, கீழ்க் கியருக்கு மாற்றினாய். சிக்கிக்கொண்ட பிறகு போட்டால் பாதிப் பலன்தான். கயிற்றை வேனின் பம்பரில் கட்டப் போன டிரைவரைத் தடுத்து, அடியில் சேசிஸ் சட்டத்தில் இருக்கும் கொக்கியில் கட்டச் சொன்னாய். "கயித்துக்குப் பக்கத்துல ஆரும் நிக்காதீங்க. அந்தா, அந்த மரத்துக்கு அக்கட்டால போங்க" என்றாய். மண்டபத்திலிருந்து ஓடி வந்திருந்த கூட்டம் நகரவில்லை. நான் ஒரு சத்தம் போட்டேன், முப்பது வருடக் குரல், வரிசையாகவே போய் நின்றார்கள். நீ கயிற்றின் தொய்வை மெதுவாக எடுத்தாய், வெடுக்கென்று இழுக்கவில்லை. நான்கு சக்கரமும் அந்த மேடு பள்ளத்தில் தனித்தனியாக மடங்கி, நான்கும் மண்ணைக் கவ்வின. வேன் ஒரு முனகலோடு கிளம்பி வெளியே வந்தது, உள்ளே பெரியப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி. மாமா அந்த ஜன்னலுக்குக் கீழே போய்க் கேட்டார்: "ஏனுங்க சம்பந்தி, தள்ளறதுக்கு ஆள் கூட்டியாரேன்னீங்களே, வந்திருக்கறாங்களா?" மரத்துக்கு அந்தப் பக்கம் நின்ற இருநூறு பேரும் சிரித்தார்கள். பெரியப்பாவும்தான் சிரித்தார். இறங்கி வந்து, சேறு தெறித்த ஜீப்பின் மூக்கில் கையை வைத்து, "சீர ஏத்துக்கறோமுங்க" என்றார். பிறகு உன் பக்கத்துச் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "மண்டபத்து வரைக்கும் ஓட்டு அம்மிணி" என்றார். நாதஸ்வரக்காரர்கள் யாரும் சொல்லாமலே வாசிக்க ஆரம்பித்தார்கள். அன்றைக்கு என் பிள்ளைக்கு ஓட்டத் தெரியாது என்று சொல்ல அந்த மாவட்டத்தில் ஒரு ஆள் கிடையாது. சொன்ன ஒரே ஆளும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

இப்போது வண்டி உன் வீட்டு வாசலில் நிற்கிறது. தார் ரோட்டுக்கு வந்ததும் நான்கு சக்கர இழுவையை எடுத்துவிட மறக்காதே, இல்லாவிட்டால் உள்ளே கியர்ப் பல் முறுக்கிக்கொள்ளும். சேற்றில் போய் வந்த நாளில் அடிப்பக்கத்தைத் தண்ணீர் அடித்துக் கழுவு. ஸ்பிரிங் தொங்கும் இடங்களுக்கும், என்ஜின் சுற்றை அச்சுக்குக் கொண்டுபோகும் நீள் தண்டின் இரு முனைக்கும் வாரத்தில் ஒரு நாளைக் குறித்து வைத்துக் கிரீஸ் அடி. இனி அந்த வண்டிக்கு ஒன்று என்றால் நான் அங்கே இல்லை, இருக்கவும் வேண்டாம். பார்ப்பதற்கு முன்னால் பேசுகிறவள் நான். பார்த்துவிட்டுத்தான் பேசுகிறாய் நீ. வண்டிக்கு உன்னைப் போன்றவர்தான் வேண்டும்.

ஒன்றே ஒன்று செய்து பார். இன்றைக்குச் சாயங்காலம் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ரேடியேட்டரிலிருந்து பின் அச்சு வரைக்கும், சக்கரங்களின் உட்பக்கமும் சேர்த்து, அடியில் பழைய செய்தித்தாள்களை விரித்து, ஓரங்களில் கல் வை. காலையில் கிளப்புவதற்கு முன்னால் அவற்றை எடுத்துப் படி. முன்னால் கறுப்புச் சொட்டு இருந்தால் என்ஜின் ஆயில். நடுவிலோ அச்சுக்குக் கீழேயோ கெட்டியாக, நாற்றமாக இருந்தால் கியர் ஆயில். ரேடியேட்டருக்குக் கீழே ஈரமாக இருந்தால் தண்ணீர். ஏதாவது ஒரு சக்கரத்தின் உட்பக்கத்தில் மெல்லியதாக, விரலில் வழுக்கினால் அது பிரேக் ஆயில், அன்றைக்கு வண்டியை எடுக்காதே. ஒன்றுமே இல்லாவிட்டால் ஆயில் அளவுக் கம்பியை இழுத்து ஒரு தடவை பார்த்துவிட்டு, மாடு பார்க்கக் கிளம்பு.